இரண்டாவது பிரேக்

அந்தப் பயிற்சிப் பள்ளியில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருபத்தாறு வருஷம். பழகுகிறவரின் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், பக்கத்தில் உட்காரும் மாஸ்டரின் காலடியில் இன்னொன்று இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கை வைத்து ஊரில் பாதிப் பேரைத் தான்தான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. "யோசிச்சு அழுத்துறதுக்குள்ள கதை முடிஞ்சிடும். என் கால் எனக்கு முன்னாடி யோசிக்கும்" என்று மார்தட்டுவார். பஸ்ஸில் போகும்போது டிரைவர் கொஞ்சம் வேகம் எடுத்தாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். சினிமாவில் கார்கள் துரத்திக்கொண்டால் முன் ஸீட்டுக்காரர் திரும்பி முறைப்பார்.

அப்பேர்ப்பட்ட கால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குச் சும்மா இருந்துவிட்டது.

அன்றைக்கு ஓட்டியது அவருடைய சொந்தத் தங்கை. பதினாறு வருஷமாக ஒரு பரிசோதனைக் கூடத்தில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். முழங்கால் தேய்ந்துபோய், இனி நிற்க முடியாது என்றான பிறகு, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வண்டியை ஓட்டினால் வேலையில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வேண்டும். அண்ணன் மாஸ்டராக இருக்கும்போது என்ன கவலை என்று அவளும் துணிந்து இறங்கினாள்.

சந்தைத் தெரு முனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவள் கை கால் விறைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டர் அழுத்தியபோது காரியம் மிஞ்சியிருந்தது. சைக்கிளில் வந்த தையற்காரர் உயிருக்கு ஆபத்தில்லாமல் விழுந்தார். ஆனால் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. கத்திரி பிடிக்கிற கை.

"மாஸ்டர், உங்க கால் எப்படி அழுத்தாம விட்டுச்சு?" என்று பள்ளி முதலாளி நம்ப மாட்டாமல் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் டாக்டரிடம் அனுப்பியும் வைத்தார். அங்கேதான் மாஸ்டருக்கு வருஷக்கணக்காகச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. டாக்டர் அவருடைய உள்ளங்காலில் ஊசி முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பாதத்து நரம்பு கொஞ்சம் மந்தமாகியிருக்கிறது என்றார்.

மாஸ்டர் ஆவலாகக் கேட்டார். "அப்போ நான் அழுத்தணும்னு நெனச்சும் கால்தான் கேக்கலையா டாக்டர்?"

"இருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியாது. நரம்பு சில நேரம் நல்லா வேலை செய்யும், சில நேரம் செய்யாது."

"கால் கேக்கலைன்னா அது என் தப்பு இல்லியே?"

டாக்டர் கொஞ்சம் பேச்சுப் பிரியர். "கால் வேற, நீங்க வேறயா சார்? நெனைக்கிறதும் நரம்புதான், அழுத்துறதும் நரம்புதான். உள்ள ஒருத்தர் தனியா உட்கார்ந்து உத்தரவு போடல. மனசுன்னு நாம சொல்றதும் இந்த உடம்புதான்" என்றார்.

மாஸ்டர் அதில் வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் "இருக்கலாம்" என்றிருந்தது, வீட்டுக்கு வருவதற்குள் "இதனாலதான்" என்று ஆகிவிட்டது. மனைவி கண் கலங்கி, காலை மடியில் எடுத்து வைத்து எண்ணெய் தடவிவிட்டாள். "இந்தக் கால் என்ன பாவம் பண்ணுச்சு, இருபத்தாறு வருஷம் மிதிமிதின்னு மிதிச்சுது" என்று காலையே சீராட்டினாள். மாஸ்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் அழுகிறார் என்று நினைத்து அவள் இன்னும் இதமாகத் தடவினாள்.

அவர் அழவில்லை, அவமானத்தில் கூசிக்கொண்டிருந்தார். ஏனென்றால் ஒரு விஷயம் அவருக்கு மட்டுமே தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை டீ குடிக்கும்போது தங்கை ஒரு கிண்டல் அடித்திருந்தாள். "அண்ணா சொல்லித் தர்றதுல பாதி கத்தல், மீதி சுயபுராணம். அந்த பிரேக்கை எடுத்துட்டா அண்ணாகிட்ட சரக்கே இல்ல!" மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாஸ்டரும் சிரித்து வைத்தார். உள்ளே புகைந்தது. சந்தைத் தெருவில் அந்தச் சைக்கிளை அவர் தங்கைக்கு முன்பே பார்த்துவிட்டார். பார்த்தபோது மனசில் ஒன்று ஓடியது: கொஞ்சம் பயப்படட்டும், அப்போதான் இந்த பிரேக்கோட அருமை தெரியும். ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். அதற்குள் ஒரு மனிதர் ரோட்டில் கிடந்தார்.

பழம் வாங்கிக்கொண்டு, சந்தைத் தெருவிலேயே இருந்த கடையில் தையற்காரரைப் பார்க்கப் போனார். இரண்டு மாதத்துக்கு மெஷினைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வெட்டிப் போட்ட துணியெல்லாம் தைக்க ஆளில்லாமல் அப்படியே கிடந்தது. மனுஷர் ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால் மாஸ்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ, "சுகர்னு கேள்விப்பட்டேன். பாவம், உடம்பு சொன்ன பேச்சு கேக்கலைன்னா நீங்க என்ன சார் பண்ணுவீங்க? எண்ணெய் கிண்ணெய் தடவுறீங்களா?" என்று விசாரித்தார். மாஸ்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் "தடவுறேன்" என்றுதான் சொன்னார்.

இதைவிடப் பெரிய அடி வீட்டில் காத்திருந்தது. தங்கை வந்து, இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடப் போவதில்லை என்றாள்.

"உனக்காவது சுகர்னு ஒரு காரணம் இருக்கு அண்ணா. என் காலுக்கு என்ன கேடு? பிரேக் என் காலுக்கடியிலதானே இருந்துச்சு? புத்தி கெட்டவளுக்கு எதுக்கு வண்டி. வேலை போனா போகட்டும்."

சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். மாஸ்டர் வாயைத் திறந்தார். பக்கத்தில் மனைவி நின்றாள். "அப்படியெல்லாம் சொல்லாதம்மா" என்று எதையோ சொல்லி மென்று விழுங்கிவிட்டார். அவர் தன் தலையிலிருந்து இறக்கிய சுமை தங்கையின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு டாக்டரின் பேச்சு அவரை விடவில்லை. எல்லாம் நரம்புதான் என்றால், "பயப்படட்டும்" என்ற அந்த நினைப்பும் ஏதோ ஒரு நரம்பு சுண்டியதுதானே, அதற்கு நான் என்ன செய்வேன் என்று முதலில் சமாதானம் சொல்லிப் பார்த்தார். சமாதானம் ஒரு வேளைச் சாப்பாடு செரிக்கும் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. உள்ளே தனியாக ஒருவர் இல்லையென்றால், பழியைக் காலின்மேல் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்கத் தனியாக ஒரு மாஸ்டரும் இல்லையே. அந்தக் கால்தான் மாஸ்டர். அது அழுத்தியபோதெல்லாம் "நான், நான்" என்று இருபத்தாறு வருஷம் பீற்றிக்கொண்டவர், ஒரே ஒரு நாள் அழுத்தாதபோது மட்டும் "கால், கால்" என்கிறார். நினைக்க நினைக்க அவருக்குத் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே பிடிக்கவில்லை.

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது தங்கையை எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி ஒரு தடவை ஓட்ட வைத்தார். மாஸ்டர் ஸீட்டில் பள்ளியின் இன்னொரு ஆசிரியை உட்கார்ந்தாள். குரல் எட்டூருக்குக் கேட்கும் என்பதால் அவளுக்கு அங்கே ஹாரன் என்று பெயர். "அண்ணா பின்னாடி உட்காரட்டும், அது இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றாள் தங்கை. மாஸ்டர் பின்னால் ஏறிக்கொண்டார்.

நன்றாகத்தான் ஓட்டினாள். அரிசி மில்லைத் தாண்டியதும் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. தங்கை பளிச்சென்று பிரேக்கை அழுத்தினாள். வண்டி நிற்பதற்குள் பின்னால் தடாலென்று ஒரு சத்தம் கேட்டது. மாஸ்டரின் வலது கால் வெறும் தரையை மிதித்திருந்தது.

ஹாரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "மாஸ்டர், உங்க காலு எங்க ரெண்டு பேரையும் முந்திடுச்சே!"

தங்கை சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாக அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணா, உன் கால் நல்லாத்தானே இருக்கு?"

சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது என்று டாக்டர் சொன்னது கைவசம் இருந்தது. நாக்கு நுனிவரைக்கும் வந்தும்விட்டது. அதைச் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க முடியாது, அது பொய் என்றும் யாரும் நிரூபித்திருக்க முடியாது. மாஸ்டருக்குமே முழுசாகத் தெரியாது.

"அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "சைக்கிளை நான் முன்னாடியே பாத்துட்டேன். கொஞ்சம் பயப்படட்டும்னு விட்டேன். கால் இல்ல. நான்தான்."

ஹாரன் சிரிப்பை நிறுத்திவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள். பின்னால் நின்ற வேன்காரர் பொறுமையிழந்து ஒலியெழுப்பினார்.

"டீ குடிக்கும்போது நான் கிண்டல் அடிச்சேனே, அதுக்காகவா?" என்றாள் தங்கை.

மாஸ்டர் குனிந்த தலை நிமிராமல் ஆமாம் என்று அசைத்தார். தங்கை அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கியரைப் போட்டாள். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகச் சந்தைத் தெருவுக்குள் விட்டாள். இரண்டு கை வண்டிகளுக்கு நடுவே காரை ஒரே மூச்சில், ஓரம் ஒட்டி, அழகாக நிறுத்தினாள். எந்தத் தேர்விலும் அதற்கு முழு மதிப்பெண் கொடுப்பார்கள்.

"என்கிட்ட சொன்னது போதாது. அவருகிட்டயும் போய்ச் சொல்லு."

மாஸ்டருக்குக் காலை எடுத்து வைக்கவே முடியவில்லை. நரம்பு என்று சொல்ல இனி வாயும் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

கடைக்குள் தையற்காரர் கட்டுப் போட்ட கையைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு, இடது கையால் ஒரு ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"வாங்க சார், மொதல்ல உட்காருங்க. கால் இப்போ எப்படி இருக்கு?"