கப்பல் நின்ற நான்கு நாள்

அண்ணியின் தையல் நிறுவனத்தில் எனக்கு ஏற்றுமதி மேலாளர் என்று பெயர். மேலாளருக்குக் கீழே ஆள் யாரும் கிடையாது. வெளிநாட்டுக் கடிதங்களுக்குப் பதில் போடுவது, அட்டைப்பெட்டிகளை எண்ணி ஒட்டுவது, மின்சாரம் போனால் ஜெனரேட்டரை இழுத்து விடுவது எல்லாம் நான்தான். அண்ணனுக்கு வேறு இடத்தில் மாதச் சம்பள வேலை. தொழில் முழுக்க அண்ணியுடையது. ஒற்றை மெஷினை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குச் சீருடை தைத்தவர், பதினொரு வருடத்தில் இருபத்திரண்டு மெஷின் ஓடும் கூடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

அந்த வருடம் எங்கள் அளவுக்கு மீறிய ஆர்டர் ஒன்று வந்தது. கடல் தாண்டிய ஒரு நாட்டில் குழந்தைகளுக்கான கடைகள் நடத்தும் நிறுவனம், பதினான்காயிரம் மழைக்கோட்டுகள் கேட்டது. மஞ்சள் நிறம், தலைக்குத் தொப்பி, மார்புப் பையில் அவர்களுடைய கரடிச் சின்னம். தண்ணீர் இறங்காத அந்தத் துணி எங்கள் நாட்டில் கிடைக்காது. மூன்றாவது ஒரு நாட்டிலிருந்து வரவழைத்தோம். துணிக்கு இங்கே சுங்கத் தீர்வை கிடையாது, தைத்தவற்றை ஒன்று விடாமல் வெளிநாட்டுக்கே அனுப்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி மட்டும் புதிதாக இருந்தது. வழக்கமாகச் சரக்கைக் கப்பலில் ஏற்றியதோடு எங்கள் பொறுப்பு தீர்ந்தது. இந்த முறை அவர்கள் கிடங்கு வாசல் வரை கொண்டு சேர்ப்பதும், அந்த நாட்டில் தீர்வை ஏதாவது இருந்தால் அதைக் கட்டுவதும் எங்கள் தலையில்.

"இது வேணாம்னு சொல்லிப் பாக்கட்டுமா?" என்று அண்ணியிடம் கேட்டேன்.

"சொல்லலாம். சொன்ன நிமிஷமே ஆர்டர் வேற யாருக்காவது போயிடும். அங்க தீர்வை எவ்வளவு?"

"நம்ம நாட்டுச் சரக்குக்கு ஒண்ணுமே இல்ல. ரெண்டு நாட்டுக்கும் உடன்படிக்கை இருக்கு."

"ஒண்ணுமே இல்லாததைக் கட்டுறதுல என்ன கஷ்டம்? கையெழுத்துப் போடுங்க தம்பி."

போட்டேன்.

இரண்டு மாதம் கூடம் முழுக்க மஞ்சளாக இருந்தது. தையல் மாஸ்டர் எங்களோடு ஒன்பது வருடமாக இருப்பவர். ஒவ்வொரு நாளும் கைக்கு வந்த நாலு கோட்டுகளை எடுத்து, கோட்டின் கைகளை முடிச்சுப் போட்டு, தொட்டி போலத் தொங்கவிட்டு, உள்ளே தண்ணீரை ஊற்றுவார். அடியில் செய்தித்தாளை விரித்து அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார். தாளில் ஒரு சொட்டு விழுந்தாலும் தைத்தவருக்கு அன்று அவர் திட்டும் திட்டில் காதில் ரத்தம் வரும். கடைசி மூன்று வாரம் ஒரு தாள்கூட நனையவில்லை.

சரக்குக் கிளம்பியது. போய்ச் சேரப் பதினெட்டு நாள். கப்பல் இருக்குமிடத்தைப் போனில் பச்சை முக்கோணமாகப் பார்க்கலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொள்வார்கள்.

"இப்ப எங்க இருக்கு?"

"நட்டநடுக் கடல்ல."

"அங்க மழை பெஞ்சா மாலுமிங்கள ஆளுக்கொண்ணு மாட்டிக்கச் சொல்லுங்க."

"குழந்தைங்க சைஸு. முழங்கை வரைக்கும்தான் ஏறும்."

பன்னிரண்டாவது நாள் காலையில் எங்கள் கிளியரிங் ஏஜென்ட் போன் செய்தார். சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தருவது அவர் தொழில். எப்போதும் கோப்புகளோடு திரிவதால் நாங்கள் வைத்த பெயர் காகிதம்.

"அந்த நாட்டுல சட்டத்தை மாத்திட்டாங்க தம்பி. தைச்ச ஊர் மட்டும் பத்தாதாம், துணியும் உடன்படிக்கை போட்ட நாட்டுல நெய்ததா இருக்கணுமாம். இல்லன்னா நாப்பது சதவீதம் தீர்வை. ஒண்ணாந்தேதியிலிருந்து எறங்குற சரக்குக்கு."

"நம்ம கப்பல் இருபத்தெட்டுக்கே போயிடுமே?"

"அப்ப தப்பிச்சீங்க."

இருபத்தெட்டாம் தேதி காலை பச்சை முக்கோணம் கரைக்குப் பக்கத்தில் போய் நின்றது. மாலையிலும் அங்கேயே நின்றது. கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டால், துறைமுகத்தில் நெரிசல், எங்கள் கப்பல் வரிசையில் பதினேழாவது என்றார்கள். எல்லோரும் ஒன்றாம் தேதிக்கு முன்னால் இறக்கிவிட முண்டியடிக்கிறார்கள்.

இருபத்தொன்பதாம் தேதி பதினொன்றாவது. முப்பதாம் தேதி ஆறாவது. அன்று அண்ணி என் மேசைக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பிடவில்லை. போனில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் துறைமுகத்தின் கிரேன்கள்கூடத் தெரிந்தன.

"இவ்வளவு பக்கமா இருக்கே, தம்பி. ஒரு படகுல போய் எடுத்துட்டு வந்துடலாம் போல இருக்கு."

நான் மறுபடி கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

இரண்டாம் தேதி காலையில் சரக்கு இறங்கியது. நாற்பது சதவீதம். எங்களுக்கு நிற்க வேண்டிய லாபத்தைப் போல ஐந்து மடங்கு. மெஷின்களை எல்லாம் விற்றாலும் அதில் பாதி தேறாது.

வாங்கும் நிறுவனத்தில் எங்களோடு பேசுகிற பெண் நல்லவர். மூன்று முறை வருத்தம் தெரிவித்தார். தீர்வையில் பாதியை ஏற்க முடியுமா என்று மேலிடத்தில் கேட்டுப் பார்த்ததாகவும், அவர்கள் ஒப்பந்தத்தைக் காட்டி மறுத்துவிட்டதாகவும் சொன்னார். வணிகத்துறை அலுவலகத்துக்கு அண்ணியும் நானும் போனோம். அதிகாரி உட்காரச் சொல்லி, முழுக்கக் கேட்டு, மேசையோரத்தில் இருந்த கோப்புக் குவியலைக் காட்டினார். "உங்கள மாதிரி நூத்திப்பத்து பேரும்மா. பேச்சுவார்த்தை நடந்துட்டிருக்கு. எப்ப முடியும்னு எனக்கும் தெரியாது." கோபப்படுகிற மாதிரிகூட அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்துக் காகிதம் நேரில் வந்தார். துறைமுகத்தில் கண்டெய்னருக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டிருந்தது.

"திருப்பிக் கொண்டாந்துடலாமா?" என்றார் அண்ணி.

"கொண்டாரலாம். ஆனா துணிக்கு இங்க தீர்வை கட்டாம விட்டாங்களே, வெளிநாட்டுக்குப் போகும்னுதானே? திரும்பி வந்தா அதை வட்டியோட கேப்பாங்க. கப்பல் செலவு வேற."

"அங்கேயே வேற கடைக்குக் குடுத்துட்டா?"

"கரடி இருக்கேம்மா. அந்தச் சின்னத்தோட வேற யாருக்கும் விக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம். வித்தாலும் தீர்வை தீர்வைதான்."

அண்ணி, "இல்லாத பிள்ளைங்களுக்குச் சும்மா குடுத்துடச் சொல்லுங்க. அவங்க சின்னம்தானே, கேட்டா சரின்னுதான் சொல்லுவாங்க. யாராவது போட்டுக்கட்டும்" என்றார்.

காகிதம் தலை குனிந்துகொண்டார். "சும்மா குடுத்தாலும் சரக்கு நாட்டுக்குள்ள வந்த மாதிரிதாம்மா கணக்கு. தீர்வை கட்டாம இருக்க ரெண்டே வழி. ஒண்ணு வெளிய போகணும். இல்ல, அதிகாரிங்க முன்னாடி அழிச்சிடணும்."

அழிக்கச் சம்மதம் என்ற படிவம் இரண்டு பக்கம்தான். அண்ணி கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். படிவத்தை அனுப்பும் வேலை எனக்கு.

மறுநாள் அண்ணியும் நானும் இருந்த அறைக்குள் மாஸ்டர் வந்து கதவைச் சாத்தினார்.

"எந்தத் தையல்லம்மா தண்ணி எறங்குச்சாம்?"

"எதுலயும் இல்ல மாஸ்டர். இது வேற விஷயம்."

"என்கிட்ட மறைக்காதீங்க. ஒன்பது வருஷமா இருக்கேன். கெட்டுப்போன சாமானைத்தான் அழிப்பாங்க. நல்லதை யாராவது அழிப்பாங்களா? தொப்பி ஜாயிண்டா? அதை ரெட்டைத் தையல் போடலாம்னு நான் அப்பவே நினைச்சேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். கப்பலேற்றும் முன் தரப் பரிசோதகர் கொடுத்திருந்த அறிக்கையை எடுத்து, அவருக்குப் புரிகிற மாதிரி வரிவரியாகச் சொன்னேன். தையல் சரி. பொத்தான் சரி. மூன்று மணி நேரத் தண்ணீர்ச் சோதனையில் குறை ஏதும் இல்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன்.

அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. தப்பு அவருடையதாக இருந்திருந்தால் அதைத் திருத்தியிருப்பார். "அப்ப திட்டுறதுக்குக்கூட ஆள் இல்லியா?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனார்.

அழித்ததற்கான சான்றிதழ் நான்கு புகைப்படங்களோடு வந்தது. அண்ணி பார்க்க மறுத்துவிட்டார். நான் பார்த்தேன். பெரிய இயந்திரம் ஒன்றின் வாயிலிருந்து மஞ்சள் கீற்றுகள் கொட்டிக்கொண்டிருந்தன. அங்கே மழை போலும். பக்கத்தில் நின்ற தொழிலாளி நீல மழைக்கோட்டு போட்டிருந்தார்.

அந்த மாதக் கடைசியில் துணிக் கடனுக்கும் துறைமுக வாடகைக்குமாகப் பதினான்கு மெஷின்கள் விலைபோயின. எட்டுப் பேரைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது. யாரை நிறுத்துவது என்று அண்ணி இரண்டு நாள் பட்டியலை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தார். தன் பெயரை முதலில் அடிக்கச் சொல்லி மாஸ்டரே வந்து நின்றார். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடையில் அவருக்கு வேலை கிடைத்துவிட்டதாம். உண்மையில் கிடைத்தது அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் என்று பிறகு தெரிந்தது.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை மதியம் அந்த வெளிநாட்டுப் பெண் போன் செய்தார். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. அவர்கள் அரசாங்கம் புதிய விதியை நிறுத்தி வைத்துவிட்டது, பழையபடி தீர்வை இல்லை, அடுத்த மழைக்காலத்துக்கு அதே கோட்டு பதினான்காயிரம் வேண்டும் என்றார். கட்டிய தீர்வை திரும்பக் கிடைக்குமாம், ஆனால் கட்டியவர்களுக்கு மட்டும். நாங்கள் கட்டவில்லையே.

"நிபந்தனை?" என்று அண்ணி கேட்டார்.

"அதேதான் அண்ணி. அவங்க வாசல் வரைக்கும்."

"மறுபடி மாத்த மாட்டாங்களா?"

"நிறுத்தித்தான் வெச்சிருக்காங்க. ரத்து பண்ணல."

அண்ணி மாஸ்டருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் தார்ப்பாய்க் கடை மெஷினின் கனத்த சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னதும் அந்தச் சத்தம் நின்றது.

"வரேம்மா. உங்களுக்கு வராம யாருக்கு வருவேன்? நாள் சொல்லுங்க. தைக்கிறதுக்கு நான் பொறுப்பு." பிறகு கேட்டார், "மத்ததுக்கு யாரும்மா பொறுப்பு?"

அண்ணி போனை என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேட்டிருக்காங்க மாஸ்டர்" என்றேன்.