பேரித் திடலுக்கு ஒரு கையெழுத்து

எங்கள் ஊர் சருலேனியில் பதினெட்டு வயது ஆகாதவர்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அதனால் மேயர் முஷாட் பள்ளிக்கூடத்துக்கே வந்து, "இனிமே உங்களைக் கேட்காம நகர மன்றத்துல ஒரு முடிவும் எடுக்க மாட்டோம்" என்று சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. ஆனால் தேர்தல் நடந்தது. ஏழு பேர் கொண்ட இளைஞர் மன்றம் அமைந்தது. என்னைத் தலைவியாக்கினார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது.

முதல் வருடம் நாங்கள் முடிவு செய்தவை: பேருந்து நிலையத்து இருக்கைகளுக்குப் பச்சை வண்ணம், கோடை விழாவுக்கு எந்தப் பாட்டுக்குழு, நாய்கள் நடக்கும் பாதைக்கு என்ன பெயர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தாள்கள் முன்கூட்டியே அடித்துத் தயாராக இருக்கும். மேயர் கேக் வாங்கி வைத்திருப்பார். நாங்கள் கை தூக்குவோம், நான் கையெழுத்துப் போடுவேன். பள்ளியில் எல்லாரும் கேலி செய்தார்கள். இருந்தாலும் எனக்கு அந்தப் பெரிய மேஜையின் நடுவில் உட்காருவது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன்.

அக்டோபரில் வந்த தாள் வேறு மாதிரி இருந்தது. ஊருக்கு மேலே சரிவில் இருந்த பேரித் திடலில் இளைஞர் பூங்கா. திடல் உப்புக் கம்பெனியுடையது. அதை ஊருக்கு இலவசமாகத் தருகிறார்களாம். ஊஞ்சல், சறுக்கு, மேடை என்று வண்ணப்படம் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து வரும் நிதிக்கு இளைஞர்களின் சம்மதம் கட்டாயமாம்.

ஆறு கைகள் உயர்ந்தன. ஏழாவது உறுப்பினரான ஹோரியாவின் கை மட்டும் மேஜை மேலேயே கிடந்தது.

"ஏம்ப்பா, கை சுளுக்கிக்கிச்சா?" என்றார் மேயர். எல்லாரும் சிரித்தோம்.

"அங்க தரை சரியில்ல சார்."

"யாரு சொன்னாங்க?"

ஹோரியா வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். அவனுடைய அப்பா நிஸ்டோர் உப்புக் கம்பெனியில் பம்பு இயக்குபவர். மேயர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் அசையவில்லை. பிறகு தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஞாயிறு மதியம் ஹோரியா என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"வா, உன் பூங்காவைக் காட்டுறேன்" என்றான்.

திடலில் நான் சின்ன வயதில் விளையாடியிருக்கிறேன். அப்போது பேரிக்காய் மரங்கள் நேராக நின்றன. இப்போது அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன, ஏதோ ஒன்றைக் குனிந்து பார்ப்பதுபோல. புல் வட்டம் வட்டமாகக் கருகியிருந்தது. நடுவில் தரை கீறிக் கிடந்தது. கை நுழையும் அகலம், வளைந்து வளைந்து நாற்பது அடி நீளம். அதன் பக்கத்தில் முட்டி போட்டேன். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது.

"கல்லைப் போடு" என்றான் ஹோரியா.

போட்டேன். காது வைத்துக் காத்திருந்தோம். சத்தமே வரவில்லை.

"யாருடா அது? எந்திரிங்க அங்கேருந்து!"

நிஸ்டோர் மாமா சரிவில் ஓடி வந்தார். எங்கள் இருவரையும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலை வரை வந்த பிறகுதான் விட்டார். திட்டவில்லை. திரும்பித் திரும்பி விரிசலையே பார்த்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

அவர் வீட்டு அடுப்படியில் சோளக் களியும் பாலாடைக்கட்டியும் எங்கள் முன்னால் வைத்துவிட்டு, அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"உப்பை நாங்க வெட்டி எடுக்கறதில்ல பாப்பா. கிணறு மாதிரி குழாய் இறக்கி தண்ணிய உள்ள விடுவோம். தண்ணி உப்பைக் கரைக்கும். அந்த உப்புத் தண்ணிய மேல உறிஞ்சிடுவோம். விட்ட அளவுக்குத் திரும்பி வரணும். திடலுக்கு அடியில போற நாலாம் நம்பர் கிணத்துல மூணு மாசமா வரல. எங்கயோ போகுது."

"எங்க போகுது மாமா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். பதிவேட்டுல எழுதினேன். மறுநாள் பார்த்தா அந்தப் பக்கம் புதுசா இருக்கு. என் கையெழுத்து மாதிரியே ஒரு கையெழுத்து. எல்லாம் சரியா இருக்குன்னு எழுதியிருக்கு. பழியை ஊர் தலையில கட்டத்தான் இப்ப திடலை இலவசமா தர்றாங்க." மகனைப் பார்த்தார். "வெளிய சொல்லிடாதீங்க. நாளைக்கே என்னை அனுப்பிடுவாங்க."

திங்கட்கிழமை மேயரைப் பார்க்கப் போனேன். நிஸ்டோர் மாமா பெயரைச் சொல்லவில்லை. விரிசலை மட்டும் சொன்னேன். செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"நல்ல பொண்ணும்மா நீ. பொறுப்பா இருக்க. ஆனா யோசிச்சுப் பாரு, முடிவு உங்களோடது. இளைஞர்கள் எடுத்த முடிவை நான் மாத்தினா ஊர் என்ன சொல்லும்?"

"நாங்களே மாத்திக்கறோம் சார்."

"அப்படி இஷ்டத்துக்கு மாத்த முடியாதும்மா. பெரியவங்க உலகத்துல கையெழுத்துன்னா கையெழுத்துதான்." ஒரு சாக்லேட்டை எடுத்து என் கையில் வைத்தார். "அம்மா எப்படி இருக்காங்க? நம்ம மன்றத்துப் பாலர் பள்ளியில தானே வேலை பார்க்கறாங்க? ஒப்பந்தம் டிசம்பர்ல புதுப்பிக்கணும், இல்ல?"

சாக்லேட்டைக் கையில் வைத்துக்கொண்டே வீடு வரை நடந்தேன். அது உருகி உள்ளங்கை எல்லாம் ஒட்டியிருந்தது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. கடைசியில், "பள்ளிக்கூடத்து முந்நூறு பிள்ளைங்க அங்க விளையாடப் போகும்ல?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்புறம் என்னைக் கேட்டு என்னடி ஆகப்போகுது?" என்றாள்.

முதல்முறையாக, யாரும் தாள் தயாரித்துத் தராமல், பள்ளி விளையாட்டுக் கூடத்தில் நாங்களே கூட்டம் போட்டோம். ஹோரியா விரிசலின் படத்தைக் காட்டினான். மேயரின் அண்ணன் மகள் டாலியா எங்களில் ஒருத்தி. "என்னை விட்டுடுங்க, நான் கை தூக்கவும் மாட்டேன், போட்டுக் கொடுக்கவும் மாட்டேன்" என்று அழுதாள். இன்னொரு பையன் எழுந்து போய்விட்டான். மீதி ஐந்து பேர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றோம். காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

கடிதத்தை நகர மன்ற அலுவலகத்தின் பதிவுப் பிரிவில் கொடுத்தேன். அங்கே இருபது வருடமாக இருப்பவர் சாஃப்டா மேடம். அவர் அதை இரண்டு முறை படித்தார். மேயர் அறைக் கதவைப் பார்த்தார்.

"யாருக்காவது தெரியுமா நீ வந்தது?"

"இல்ல மேடம்."

முத்திரை குத்தி, எண் போட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு. நான் கேட்காமலே ஒரு நகல் எடுத்து, அதன் மேலும் முத்திரை குத்திக் கொடுத்தார். "வீட்டுல வைக்காத. பள்ளிக்கூடத்துலயும் வைக்காத" என்றார்.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் என்னை அதிகமாக வதைத்தது. பதில் இல்லை, கூப்பிட்டு மிரட்டக்கூட இல்லை. மேயர் தெருவில் பார்த்தால் கை அசைத்தார். நவம்பரில் லாரிகள் சரிவில் ஏறின. விரிசலில் மண்ணும் ஜல்லியும் கொட்டி மூடினார்கள். அடுத்த வாரம் கொட்டியது உள்ளே இறங்கியிருந்தது. மறுபடி கொட்டினார்கள். டிசம்பரில் அம்மாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. எங்கள் மன்றத்தை யாரும் கூட்டவே இல்லை.

திறப்பு விழா ஏப்ரல் முதல் ஞாயிறு என்று சுவரொட்டி ஒட்டினார்கள். பள்ளியில் முந்நூறு பிள்ளைகளுக்கும் பாட்டுப் பயிற்சி ஆரம்பித்தது. கீழ் வகுப்புகளிலிருந்து அந்தப் பாட்டு கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து ஜன்னலைச் சாத்துவேன். ஐந்து பேரும் ஒன்று முடிவு செய்தோம். விழா அன்று காலை திடல் வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிடுவது. தூக்கிப் போட்டால் மறுபடி வந்து உட்காருவது.

அதற்குத் தேவை வரவில்லை. மார்ச் பதினேழாம் தேதி, கணக்கு வகுப்பு. ஜன்னல் கண்ணாடிகள் மெல்ல அதிர்ந்தன. பிறகு ஒரு சத்தம். இடி மாதிரி இல்லை. ரொம்பப் பெரிய ஒன்று மூச்சை உள்ளே இழுப்பதுபோல நீளமாக இருந்தது. நாங்கள் ஜன்னலுக்கு ஓடினோம். சரிவில் பேரி மரங்கள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. விழவில்லை. நின்றபடியே இறங்கின. புது ஊஞ்சல்களின் சிவப்புக் கம்பிகள் கொஞ்ச நேரம் தெரிந்தன. பிறகு வெள்ளைப் புழுதி மட்டும்.

ஹோரியா ஏற்கெனவே படியில் ஓடிக்கொண்டிருந்தான்.

அன்று காலை திடலில் இரண்டு தச்சர்கள் மேடைக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பிறகு சொன்னார்கள்: நிஸ்டோர் திடல் ஓரத்துப் பம்பு அறையிலிருந்து கத்திக்கொண்டே வந்தாராம். "போட்டுட்டு ஓடுங்கடா, ஓடுங்க!" இவர்கள் சுத்தியலோடு ஓடியிருக்கிறார்கள். சாலையில் நின்று திரும்பிப் பார்த்தபோது அவர் மறுபடி பம்பு அறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாராம். நாலாம் கிணற்றுக்குத் தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தத்தான் போயிருக்க வேண்டும். பம்பு அறை இருந்த இடத்தில் சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறத் தண்ணீர் ஏறிவிட்டது. ஒன்பது நாள் தேடினார்கள். அவர் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் மேயர் தொலைக்காட்சியில் வந்தார். கறுப்புக் கோட்டு, சோர்ந்த முகம். "இடத்தைத் தேர்ந்தெடுத்தது எங்கள் இளைஞர்கள். தயவுசெய்து அவர்களைக் குறை சொல்லாதீர்கள். சின்னப் பிள்ளைகள், அவர்களுக்கு என்ன தெரியும்" என்றார். என் கையெழுத்து திரை முழுக்க வந்தது.

மறுநாள் ரொட்டிக் கடை வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு பெண் மெதுவாகச் சொல்லவில்லை, சத்தமாகவே சொன்னாள்: "இவதான். எழுதிக் கொடுத்தவ இவதான்." யாரும் என்னைத் திட்டவில்லை. வரிசை மட்டும் என்னைவிட்டு விலகி நின்றது.

அன்றே ஒளித்து வைத்திருந்த நகலை எடுத்துக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏறினேன். அம்மாவும் வந்தாள். அங்கே குற்ற விசாரணை நடத்தும் அரசு வழக்கறிஞர் நகலைப் பார்த்ததும் ஆள் அனுப்பி நகர மன்றப் பதிவேட்டைக் கொண்டுவரச் செய்தார். இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணில், குரைக்கும் நாய் பற்றிய ஒரு புகார் இருந்தது. வழக்கறிஞர் நகலின் முத்திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

சாஃப்டா மேடத்தைக் கூப்பிட்டார்கள். அவர் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைத் தொடக்கூட இல்லை. "இது என் கையெழுத்து இல்ல. இந்தப் பொண்ணு கையில இருக்கறதுதான் நான் போட்ட முத்திரை. பதிவேட்டை மாத்தச் சொல்லி மேயர் கேட்டார். நான் மாட்டேன்னேன். பதிவேட்டு அலமாரிச் சாவியை வாங்கிக்கிட்டார்" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

மேயர் பதவியிலிருந்து நிறுத்தப்பட்டார். வழக்கு நடக்கிறது. உப்புக் கம்பெனி அதிகாரிகள் இரண்டு பேர் நாட்டில் இல்லை. ரொட்டிக் கடைப் பெண் இப்போது என்னைப் பார்த்தால் நலம் விசாரிக்கிறாள். நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு நடந்துவிடுகிறேன்.

திடல் இருந்த இடத்தில் விழுந்த குழி வளர்வது நிற்கவில்லை. விளிம்பு வாரம் ஓரடி, சில வாரம் மூன்றடி ஊர்ப்பக்கமாக வருகிறது. பதினோரு வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். ஹோரியா வீடும் அதில் ஒன்று. அவனும் அவன் அம்மாவும் சித்தி ஊருக்குப் போகும் நாளில் சாமான் ஏற்ற உதவினேன். வண்டி கிளம்பும் முன் அவனிடம், "நான் அன்னிக்கு அந்தத் தாளைப் படிச்சுக்கூடப் பார்க்கலடா" என்றேன்.

"தெரியும்."

"கோபமா?"

"இருந்துச்சு." பெட்டியின் கயிற்றை இறுக்கினான். "ஆனா நானும் தரை சரியில்லன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டேன். அப்பா வேலை போயிடும்னு. இப்ப வேலையும் இல்ல, அப்பாவும் இல்ல."

நான் அவன் கையைப் பிடித்தேன். அது பனிக்கட்டி மாதிரி இருந்தது. வண்டி போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் காலி வீட்டு வாசலில் நின்றேன்.

பொறுப்பு மேயராக வந்திருப்பவர் நேற்று என்னைக் கூப்பிட்டார். குழி விளிம்பிலிருந்து பள்ளிக்கூடம் நானூறு அடிதான். பள்ளிக்கூடத்தை மூடலாமா, இன்னும் ஒரு வருடம் நடத்தலாமா என்று இளைஞர் மன்றத்தின் கருத்து வேண்டுமாம். தாள் தயாராக இருக்கிறது என்றார். தாள் வேண்டாம், அளவு எடுத்தவர்களை வரச் சொல்லுங்கள், விளிம்பு வரை எங்களைக் கூட்டிப் போகச் சொல்லுங்கள் என்றேன். அவர் அந்தத் தாளை மேஜை இழுப்பறையில் வைத்தார். பிறகு, பார்க்கலாம் என்றார்.

வியாழக்கிழமை கூட்டம். ஹோரியா போக மீதி நாங்கள் நான்கு பேர் வருகிறோம். டாலியாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.