சீனியின் மூக்கு

ராஜபாளையம் போலீஸ் ஸ்டேஷன் மேஜையில் போட்டோ கிடந்தது. ஜன்னல் கம்பியில் நாய் கட்டிக் கிடந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார் ஏட்டு ராஜரத்தினம்.

"இடது காதுல கிழிசல். போட்டோவுலயும் இருக்கு, நாய்க்கும் இருக்கு. சரி குருவம்மா, மூக்கு?"

போட்டோவில் நாயின் மூக்கு கறுப்பு. கம்பியில் நின்ற நாய்க்கு ரோஸ்.

நாய்த் தரகன் சங்கையா சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். "வேலிக்குள்ள நுழையுற எல்லா நாய்க்கும் காது கிழியும் ஏட்டையா. மூக்கு கறுத்தா அது ராஜபாளையம் நாயே இல்ல. இவ எதையோ தொலைச்சிட்டு என் நாய் மேல கை வைக்கா."

"ஏலே, அது என் சீனி. என்னைக் கண்டதும் எப்படிக் குழையுதுன்னு பாத்தேல்ல?"

"வாலாட்டுனதை எல்லாம் ரிப்போர்ட்டுல எழுத முடியாது," என்றார் ஏட்டு. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நாய் இங்க இருக்கும். வேற ஆதாரம் கொண்டா. இல்லன்னா இவன் கூட்டிட்டுப் போவான்."

கூட்டிப்போனால் அன்று ராத்திரியே மெட்ராஸ் ரயில். அப்புறம் சீனியைக் கண்ணால் பார்க்க முடியாது.

சோழபுரத்துத் தோட்ட வீட்டில் குருவம்மாள் தனி ஆள். மகன் சேதுபதி பட்டாளத்தில். வாசலில் சீனி படுத்திருந்தால்தான் அவளுக்குத் தூக்கம். அது காணாமல்போய், இப்போது சங்கையாவின் கையில் அகப்பட்டிருந்தது. மகன் லீவில் வந்தபோது நாயோடு நின்று எடுத்துக்கொண்ட படம்தான் ஏட்டின் மேஜையில் கிடந்தது. ஒரு வருஷமாகச் சுவரில் தொங்கியது. அவள் மகன் முகத்தைப் பார்த்தாளே தவிர நாயின் மூக்கைப் பார்த்ததில்லை.

ரோஸ் மூக்கு எப்படிக் கறுக்கும்? எடுத்தவரைக் கேட்டுவிட வேண்டியதுதான்.

எடுத்தவர் உப்பிலி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே ஸ்டூடியோ. விபத்தோ கொலையோ, போலீசுக்குப் படம் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். குருவம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது, ஸ்டூடியோ வாசலிலிருந்து சங்கையாவின் ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் கிளம்பிக்கொண்டிருந்தது. முந்திக்கொண்டு வந்திருக்கிறான்.

"அவன் எதுக்கு வந்தான் சாமி?"

"நெகட்டிவ் இருக்கான்னு கேட்டான். இல்லன்னுட்டேன்."

"நான் கேட்டா?"

"உனக்கும் இல்லதாம்மா. தொலைஞ்சுபோச்சு."

பதில் ரொம்ப வேகமாக வந்தது. அவர் கண் மட்டும் பின்னால் இருந்த இரும்பு பீரோ வரை போய்த் திரும்பியது. எவ்வளவு கொடுத்திருப்பான் சங்கையா?

குருவம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். "தேடுங்க. நான் இருக்கேன்."

"ஏம்மா, கஸ்டமர் வர்ற நேரம்."

"வரட்டும். வாரவியகிட்ட எல்லாம் என் கதையைச் சொல்லுதேன். சங்கையா வந்துட்டுப் போன கதையையும்."

பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த ஒருவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு உப்பிலியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் போனதும் உப்பிலி பீரோவைத் திறந்துவிட்டார்.

உள்ளங்கையில் அடங்கும் சதுர நெகட்டிவ். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதில் வெள்ளை எல்லாம் கறுப்பு. கண்ணைத் தவிர சீனியின் முகம் முழுக்க ஒரே கறுப்பு. மூக்கு என்று தனியாக ஒன்று இல்லவே இல்லை.

"மூக்கு எங்க?"

"நல்ல வெயில்ல எடுத்தது. வெள்ளை நாய், வெளிறின ரோஸ் மூக்கு. பிளாக் அண்ட் ஒயிட்ல ரெண்டும் ஒண்ணாப் போயிருச்சு. பிரிண்ட் போட்டா மூஞ்சி மாவு உருண்டை மாதிரி இருந்துச்சு. பட்டாளத்துக்காரன் ஆசையா எடுத்த படமாச்சேன்னு..." குரல் இறங்கியது. "பிரஷ்ஷால நாந்தான் மூக்கு வச்சேன். கையில கறுப்பு மைதானே இருக்கு."

"இதை ஏட்டையாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா? கோர்ட்டுல கிடக்கிற கேஸ் படம் அம்புட்டும் என் படம். நாய்க்கு மூக்கு வரைஞ்சவன் வேற என்னென்ன வரைஞ்சானோன்னு கேக்க மாட்டாங்களா?"

குருவம்மாள் எழுந்தாள். "நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா, ஒளிச்சு வச்ச கதையும் சேந்து வரும்."

மறுநாள் காலை உப்பிலி ஸ்டேஷனுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். ராஜரத்தினம் நம்பவில்லை.

"நேத்து கறுப்பு மூக்கு. இன்னைக்கு மூக்கே கிடையாது. நாளைக்குத் தும்பிக்கை வச்சுக் குடுப்பீரா?"

"இந்த நாயை இப்ப எடுக்குறேன். கூடவே இருந்து பாருங்க."

யாஷிகா கேமராவில் புது ரோலை மாட்டினார். நாயை வெயிலுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

"எதுக்கு வெயில்?"

"அன்னைக்கும் வெயில்தான்."

குனிந்து மேல் கண்ணாடியைப் பார்த்தபடியே பன்னிரண்டு படத்தையும் சீனிக்கே செலவழித்தார். ரோலைச் சுருட்டி ஒட்டியதும் ஏட்டு அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். நாயைக் கூட்டிப்போக வந்திருந்த சங்கையாவை ஸ்டேஷனிலேயே உட்காரவைத்துவிட்டு ஏட்டு, உப்பிலி, குருவம்மாள் மூன்று பேரும் ஜீப்பில் ஏறினார்கள். ஜீப் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டூடியோ வாசலில் போய் நின்றது.

டார்க் ரூம் வாசலில் குருவம்மாளை நிற்கச் சொன்னார்கள்.

"ரெண்டு பேரும் இருட்டுல என்ன பேசிக்கிடுவீகளோ. நானும் வாரேன்."

ரோலைப் பிரிக்கும்போது சிவப்பு விளக்குகூட ஆகாது. கும்மிருட்டு. காகிதம் உரியும் சத்தம். பிறகு டிரேயில் மருந்துத் தண்ணீர் சலசலத்தது.

"கை என்ன செய்யுது?" ஏட்டின் குரல்.

"பிலிமோட ரெண்டு முனையையும் பிடிச்சு மருந்துல ஏத்தி இறக்குது."

"வேற?"

"வேர்க்குது."

ஹைப்போ மருந்தின் வாடை மூக்கில் ஏறியது. பிலிமைக் கழுவி, ஃபேனில் உலர்த்தி, சிவப்பு விளக்கைப் போட்டுப் பேப்பரை மருந்தில் இறக்கியபோது மூன்று தலைகளும் டிரேயின் மேல் கவிந்தன. ஸ்டேஷன் சுவர் வந்தது. கண் வந்தது. கிழிந்த காது வந்தது. மூக்குக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை.

பழைய நெகட்டிவையும் பக்கத்திலேயே பிரிண்ட் போட்டார். சேதுபதி வந்தான். சீனி வந்தது. அதே காதுக் கிழிசல், அதே மொட்டை முகம்.

"நாய் உன்னுதுதான் குருவம்மா," என்றார் ராஜரத்தினம். "ஜீப்புல போய் அவுத்துக்கோ. சங்கையாவை நான் வந்து கவனிக்கேன்."

சொன்னாரே தவிர அவர் நகரவில்லை.

"சாமி, மகாராஜபுரம் விலக்குல ஆள் மேல லாரி ஏறுன கேஸ். உம்ம படத்துல ரோட்டுல டயர் தடம் அம்புட்டுத் தெளிவா இருந்துச்சே. அதை வச்சுத்தான் டிரைவரை உள்ள தள்ளுனோம்."

டிரேக்குள் இருந்த உப்பிலியின் கை நின்றது.

"தடம் இருந்துச்சு ஏட்டையா."

"தெளிவாவா? பிரஷ்ஷு படாமலா?"

"இருந்துச்சு," என்றார் மறுபடியும். மெதுவாக.

குருவம்மாளுக்கு இனி அங்கே வேலை இல்லை. கதவைத் திறந்தாள். மூடாமல் கிடந்த பிரிண்ட் பேப்பர் பெட்டியின் மேல் பகல் வெளிச்சம் விழுந்தது. வெளிச்சம் பட்டால் பெட்டியோடு வீண். உப்பிலி அதை மூடக் கை நீட்டவில்லை.