ஒரு மூச்சில் நாலு டாக்டர்

அந்த வார்டில் பட்டத்துக்கு அவ்வளவு மரியாதை. வந்து படுப்பவர் வக்கீல் என்றால் வக்கீல் சார், பேராசிரியர் என்றால் பேராசிரியர். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனைக்கூடப் பெரிய டாக்டரம்மா "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார். அவரையும் யாரும் மேடம், அம்மா என்று குழையக் கூடாது. குழைந்தவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் எல்லாம் தலைகீழ். பட்டத்தைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அண்ணே, அக்கா, அம்மா என்று முறை சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். இதுவும் அவர் போட்ட சட்டம்தான்.

இப்போது அதே வார்டில் அவரே படுத்திருந்தார். வயிற்றில் ஒரு கட்டி. அதிலிருந்து கிள்ளி எடுத்த சதை பரிசோதனைக்குப் போயிருந்தது. ஊசி போட வந்த நர்ஸ் "டாக்டர்" என்றாள். தரை துடைக்க வந்தவளும் "டாக்டர்" என்றாள். அப்பாடா என்றிருந்தது. ஆனால் இரண்டு பேருமே முகத்தைப் பார்க்காமல் அல்லவா சொன்னார்கள்?

அவரிடம் வேலை பார்க்கும் சின்ன டாக்டர் வந்தார். நாற்காலியைத் தொடவில்லை. கட்டிலின் கால்மாட்டில் விறைப்பாக நின்றார்.

"குட் மார்னிங் டாக்டர். ரிசல்ட் வந்துடுச்சு டாக்டர். பயப்பட ஒண்ணுமில்ல டாக்டர். சீக்கிரமே வீட்டுக்குப் போயிடலாம் டாக்டர்."

ஒரு மூச்சில் நாலு டாக்டரா? எப்போதும் ஒன்றோடு நிறுத்துகிற ஆள் ஆயிற்றே. நான் போட்ட சட்டத்தை வைத்தே எனக்குக் காது குத்தப் பார்க்கிறானா? இல்லை, நிஜமாகவே நல்ல செய்திதானா? நல்ல செய்தி கொண்டு வந்தவன் ஏன் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறான்? நேராகக் கேட்டால் இன்னும் நாலு டாக்டர்தான் வரும் என்று அவருக்குத் தெரிந்தது.

நாற்காலியைக் காட்டினார். "உக்காரு தம்பி."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையைச் சின்ன டாக்டர் கேட்டதே இல்லை. பாவம், அதற்குத் தயாராக வரவில்லை. தொப்பென்று உட்கார்ந்தார். பேனா மூடி கட்டிலடியில் உருண்டு போயிற்று.

"அம்மா..." என்றார். கண் நிறைந்தது.

பெரிய டாக்டரம்மாவுக்குப் பயமாக இருந்தது, ரொம்பவே பயமாக இருந்தது. எதிரில் இருந்தவரின் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, கண்ணத் துடைச்சுக்குங்க. எதுவரைக்கும் பரவியிருக்கு, டாக்டர்?"