வெள்ளை எலியின் தொட்டில்

1994 செப்டம்பர் 28, புதன்கிழமை. காலை பத்து மணிக்குள் பனச்சமூடு சந்தையில் எலிவிஷம் விற்றுத் தீர்ந்தது.

சூரத்தில் பிளேக் என்று சில நாட்களாகப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. பாறசாலைக்குக் கிழக்கே, ரப்பர் மரங்களுக்கு இடையில் வீடுகள் தள்ளித் தள்ளி இருந்த அந்த ஊரிலும் ஆட்கள் விறகுப்புரைகளைக் கிளறினார்கள். பொந்துகளில் வெந்நீர் ஊற்றினார்கள். பிரசீதாவின் படுக்கையறையில், கட்டிலுக்கு அடியில், கம்பிக் கூட்டுக்குள் ஒரு வெள்ளை எலி இருந்தது. அவளுக்கும் கணவன் சோமனுக்கும் மட்டுமே அது தெரியும்.

சோமன் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி வைத்துக் கூடு கழுவும் வேலையில் இருந்தான். சோதனை முடிந்த எலிகளைக் கொல்வதும் அவன் வேலைதான். பதினோரு மாதங்களுக்கு முன்பு, ஒன்றை மட்டும் சோற்றுப் பாத்திரத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஏன் என்று சொல்லவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் பிரசீதாவுக்கு மூன்றாவது கரு கலைந்திருந்தது. எலிக்கு மாளு என்று அவள் பெயர் வைத்தாள்.

கம்பியில் நின்று நின்று மாளுவின் பின்னங்கால்கள் புண்ணாயின. அதற்காகத்தான் தொட்டில். முதல் தொட்டிலைத் தோர்த்துத் துண்டில் தைத்தாள். துவட்டுவதற்கு நல்ல துணி, ஆனால் நெசவு கண்கண்ணாக இருக்கும். எலியின் நகம் அதில் மாட்டி ஒரு விரல் பிய்ந்தது. பிறகு சோமனின் பழைய பனியனை உள்ளேயும் மஞ்சள் பிளவுஸ் துணியை வெளியேயும் வைத்து, நூல் நுனி எதுவும் வெளியே வராமல் மடித்து அடித்தாள். கூட்டின் மேல்கம்பியில் தொங்கவிட நான்கு மூலையிலும் ஊக்கு. பத்து நாளில் மாளு அதைக் கடித்துத் தீர்க்கும். அடுத்தது தயாராக இருக்க வேண்டும்.

அன்று வேலைக்குக் கிளம்பும்போது சோமன் சொன்னான்: "இந்த நேரத்துல எவனாவது கண்டா வீட்டுக்குத் தீ வைப்பான். யாரும் காணாத வரைக்கும் இருக்கட்டு. ஒருத்தர் கண்டா அன்னைக்கே நான் முடிச்சிருவேன்."

மதியம் அடுத்த வீட்டு விஜயம்மா கேட்காமலே உள்ளே வந்தாள்.

"எனக்க வீட்டுல பன்னெண்டு எலி செத்தாச்சு பிள்ளே. இனி பொன்னப்பன் ஒருத்தன்தான் பாக்கி. அவனுக்கு விஷம் ஏறாது." தன் கணவனைத்தான் சொன்னாள். சிரித்துக்கொண்டே வந்தவள் தையல் மெஷினைப் பார்த்து நின்றாள். அதன்மேல் கையகல மஞ்சள் தொட்டில்கள் இரண்டு கிடந்தன. பிள்ளை வேண்டி அம்மன் கோயில் மரத்தில் பெண்கள் கட்டுவதும் அதே அளவு, அதே நிறம்.

"இது நேர்ச்சைக்காக்கும்?"

கட்டிலுக்கு அடியில் மாளு கம்பியைக் கடிக்கத் தொடங்கியது. பிரசீதா மெஷினை வேகமாக மிதித்தாள். "ஆமாக்கா."

விஜயம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எங்கிட்ட சொல்லப்படாதா மக்கா? ரெண்டு தச்சிருக்கே. ரெட்டைக்காக்கும் கேக்கப் போற, கள்ளி!"

சாயங்காலத்துக்குள் அவள் காட்டாக்கடையில் இருக்கும் பிரசீதாவின் மாமியாருக்குப் போன் செய்துவிட்டாள். வியாழக்கிழமை மதியம் சோமனின் அம்மா விமலகுமாரி பையோடு வந்து இறங்கினாள். நேர்ச்சைத் தொட்டிலை மாமியார் எடுத்துக் கொடுத்து மருமகள் கட்டுவது அவர்கள் குடும்ப வழக்கம். கோயிலுக்குப் போக வெள்ளிக்கிழமை காலைக்கு ஜீப்பும் பேசியாகிவிட்டது.

மாமியார் கால் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் பிரசீதா மாளுவை மடியில் எடுத்துக்கொண்டு, கம்பி கடிக்கும் சத்தம் கேட்காதபடி வெறுங்கூட்டை விறகுக்கு அடியில் தள்ளினாள். மாளுவை ரப்பர் தோட்டத்தில் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு அது ஓடாது, காக்கைகள் விடாது. ஒரு தொட்டிலை அலமாரிக்குள் சேலைகளுக்குப் பின்னால் தொங்கவிட்டு அதில் மாளுவைப் படுக்கவைத்தாள். ஒரு நாள்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அவள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது, மெஷின்மேல் ஒன்றுதானே இருக்கிறது என்று, விஜயம்மா சொன்ன இரண்டாவது தொட்டிலைத் தேடி விமலகுமாரி அலமாரியைத் திறந்தாள். சேலைகளுக்குப் பின்னால் மஞ்சள் தெரிந்தது. கையில் எடுத்தாள். அது சூடாக இருந்தது, அசைந்தது.

அலறல் கேட்டு ஈரத்துணியோடு ஓடிவந்த பிரசீதா, தரையில் கிடந்த தொட்டிலை மாளுவோடு சேர்த்து நெஞ்சில் வாரிக்கொண்டாள். சோமனும் வந்தான். விஜயம்மாவும் வந்துவிட்டாள்.

"இதுக்கா தொட்டில் தச்சே?" என்றாள் விமலகுமாரி.

"மாமி, இது வெளிய ஓடுற எலி இல்ல. இதுக்கு நோய் ஒண்ணும் இல்ல."

"பிள்ளைக்குண்ணு எங்கிட்ட சொன்னியேடி," என்றாள் விஜயம்மா. "நான் ஊரெல்லாம் சொல்லிட்டேனே."

பிரசீதா மண்டியிட்டு மாமியாரின் காலை ஒரு கையால் பிடித்தாள். "ஒரு மாசம் தாங்க மாமி. கதவு திறக்காம வச்சுக்கிடுதேன். பகலெல்லாம் எனக்கு வேற யாரு உண்டு?"

சோமன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பயந்துபோன எலி அவள் கட்டைவிரலைக் கடித்தது. அப்போதும் அவள் விடவில்லை. சோமன்தான் பிடுங்கினான்.

துணி துவைக்கும் கல்லில் வைத்து, கல்லூரியில் செய்கிற முறைப்படி, கழுத்தை ஒரு கோலால் அழுத்தி வாலை இழுத்தான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துப் புதைத்தான்.

ஏழு மணிக்கு ஜீப் வந்தது. "தச்ச தொட்டில் வீட்டுல சும்மா கிடக்கப்படாது," என்று விமலகுமாரி மெஷின்மேல் இருந்த இன்னொரு தொட்டிலை எடுத்தாள். கடிபட்ட விரலில் விஜயம்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள். பிரசீதா சேலை மாற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

மாமியார் எடுத்துக் கொடுத்தாள். பிரசீதா கோயில் மரத்தில் கட்டினாள். பத்தரை மணிக்கு எல்லோரும் வீடு திரும்பினார்கள்.