மாராவில் சொன்னது

நைரோபியிலிருந்து கிளம்பிய குட்டி விமானம் கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் உடனே இறங்கவில்லை. ஓடுதளத்தில் வரிக்குதிரைகள் நின்றிருந்தன. ஒரு ஜீப் ஹாரன் அடித்தபடி அவற்றை விரட்டி முடிக்கும்வரை விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. எழிலரசி சன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தாள். பக்கத்து இருக்கையிலிருந்த ஷ்யாமளா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சொன்னேன்ல? வந்துட்டோம்டி!"

டெக்சஸில், டாலஸை ஒட்டிய ஆலனில், இருவரும் ஒரே தெருக்காரர்கள். பிள்ளைகளை டேகேரில் விடப்போன இடத்தில் பழக்கமானவர்கள். ஷ்யாமளாவுக்குச் சொந்த ஊர் சென்னை, எழிலரசிக்கு ஈரோடு. எழிலரசி ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவளுடைய ஒரே மகள் ரோஷினி போன வருடம் ஆஸ்டினுக்குக் கல்லூரிப் படிப்புக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெரிய வீட்டில் அவளும் கணவன் இளமாறனும் மட்டும்.

சஃபாரி பேச்சை மே மாதம் எடுத்தது ஷ்யாமளாதான். "புருஷன், பிள்ளை யாரும் வேண்டாம். நாம ரெண்டு பேர் மட்டும். சிங்கம் பாப்போம், தூங்குவோம், யாருக்கும் சமைக்க வேண்டாம்" என்றாள். இளமாறன் மறுப்பான் என்றே எழிலரசி நினைத்தாள். அவன் மறுக்கவில்லை. "போய்ட்டு வா. உனக்கும் ஒரு சேஞ்ச் வேணும்ல" என்றான். அவனாகவே ஒரு பைனாகுலர்கூட வாங்கி வந்து மேசைமேல் வைத்தான். அன்று அவளுக்கு அவன்மேல் பாசமும் கூடவே குற்ற உணர்ச்சியும் வந்தன.

லாட்ஜ் என்றதும் அவள் கட்டடத்தைக் கற்பனை செய்திருந்தாள். அங்கே இருந்தவை மரப்பலகைத் தளத்தின்மேல் அடித்த பெரிய கூடாரங்கள். உள்ளே கட்டில், வெந்நீர்க் குளியல், எழுதும் மேசை எல்லாம் இருந்தன. வாசலுக்குக் கதவு கிடையாது, ஜிப்தான். அதை மூடாமல் போனால் குரங்குகள் உள்ளே வந்து பற்பசையைக்கூட விடாது என்று எச்சரித்தார்கள். எதிரே பழுப்பு நிற ஆறு. அதில் பாறைகள் என்று அவள் நினைத்தவை திடீரென்று காதை ஆட்டின. நீர்யானைகள். கூடாரத்தில் போன் வேலை செய்யாது. வைஃபை சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும்தான்.

தினமும் விடிவதற்கு முன் ஒருவர் கூடார வாசலில் காபி கொண்டுவந்து வைத்து எழுப்புவார். போர்வையைச் சுற்றிக்கொண்டு, மேலே திறந்த ஜீப்பில் ஏறுவார்கள். குளிரில் மூக்கு சிவக்கும். வெயில் ஏறும்போது போர்வையெல்லாம் புழுதி. முதல் நாளே யானைக் கூட்டமொன்று ஜீப்புக்கு வெகு அருகே கடந்துபோனது. புல்லைப் பிடுங்கும் சத்தமும், வயிற்றுக்குள் உருளும் உறுமலும் கேட்டன. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி யானை போனதும் கட்டுப்படுத்த முடியாமல் சிரித்தார்கள். ஓட்டி வந்த வழிகாட்டியும் சேர்ந்து சிரித்தார்.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு இருவரும் கூடாரத்தின் முன் சாய்வு நாற்காலிகளில் கிடந்தார்கள். ஆற்றிலிருந்து நீர்யானையின் கனைப்பு வந்துகொண்டிருந்தது. எழிலரசிக்கு மனம் இளகியிருந்தது.

"ஷ்யாமு, ஒண்ணு சொல்லட்டுமா? உன்னோட இருக்கட்டும்."

"சொல்லுடி."

"ஏப்ரல்ல ட்ரெயினிங்னு நியூஜெர்ஸி போனேன்ல? ட்ரெயினிங் இல்ல, இன்டர்வியூ. எடிசன்ல ஒரு லேப். வேலை குடுத்துட்டாங்க. ஐசலின்ல ஒரு அபார்ட்மென்ட்கூடப் பாத்துட்டு வந்தேன். ஒரு பெட்ரூம். கீழ இறங்கினா கடையில இட்லி மாவு கிடைக்குது."

ஷ்யாமளா எழுந்து உட்கார்ந்தாள். "இளமாறன்?"

"அவர் இல்லாம."

"என்னடி சொல்ற? அவர் என்ன பண்ணார்?"

"ஒண்ணும் பண்ணல. கெட்டவரா இருந்தா எப்பவோ போயிருப்பேன். ரோஷினி போனதுக்கப்புறம் வீட்ல என் குரலையே நான் கேக்கறதில்ல. ஒரு சனிக்கிழமை வேணும்னே நாள் பூரா பேசாம இருந்து பாத்தேன். அவருக்கு அது தெரியவே இல்ல, ஷ்யாமு."

"முடிவே பண்ணிட்டியா?"

"இல்ல. ஊருக்குப் போனதும் அவரை உக்கார வச்சு நானே பேசணும். அப்புறம் ரோஷினிகிட்ட. என் வாயால சொன்னாத்தான் அவளுக்குப் புரியும். வேற யார் சொன்னாலும் அம்மா விட்டுட்டுப் போறாங்கன்னுதான் அவ காதுல விழும்."

ஷ்யாமளாவின் கண்கள் நிறைந்தன. எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஷ்ரேயஸ் மெசேஜ் போட்டிருப்பான், பாத்துட்டு வந்துடறேன்" என்று சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் நடந்தாள். ஷ்ரேயஸ் அவள் மகன். தினமும் மதியம் அவள் அப்படிப் போவது வழக்கமாகிவிட்டிருந்தது.

மறுநாள் காலை ஒரு பெண் சிங்கத்தைப் பார்த்தார்கள். அது ஒரு குட்டியைப் பிடரியில் கவ்வித் தூக்கிக்கொண்டு போய்ப் புதருக்குள் வைத்தது. திரும்பி வந்து இன்னொன்றைத் தூக்கியது. வழிகாட்டி எஞ்சினை அணைத்திருந்தார். எழிலரசி அழுதாள். ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிப் போனது போலிருந்தது. இளமாறனிடம் பேசிப் பார்ப்போம், அவன் கேட்டால் ஒருவேளை போகாமலே இருந்துவிடுவோம் என்றுகூட அப்போது தோன்றியது.

டாலஸ் விமான நிலையத்துக்கு இளமாறன் வந்திருந்தான். வழக்கமாக வெளியே காரிலேயே காத்திருப்பவன், அன்று உள்ளே வந்து நின்றிருந்தான். ஃப்ரீவேயில் பயணக் கதைகளையெல்லாம் எழிலரசிதான் சொன்னாள். பின் சீட்டில் ஷ்யாமளா தூங்குவதுபோலக் கண்ணை மூடியிருந்தாள். அவளை அவள் வீட்டில் இறக்கிவிட்டுத் தங்கள் வீட்டு கராஜுக்குள் காரை நிறுத்தியதும், இளமாறன் எஞ்சினை அணைத்தான். இறங்கவில்லை.

"ஐசலின்ல இட்லி மாவு கீழயே கிடைக்குமாமே."

எழிலரசிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஷ்யாமளா சொன்னாளா?"

"நான்தான் கேட்டேன். நீ என்கிட்ட வாயைத் திறக்கறதில்ல. உன் மனசுல என்னமோ ஓடுதுன்னு தெரிஞ்சுது. அவகிட்டன்னா பேசுவே. எங்கயாவது கூட்டிட்டுப் போய்ப் பேசிப் பாருங்கன்னு சொன்னேன். ஆப்பிரிக்காகூட நான் சொன்னதுதான்."

அவள் சீட் பெல்ட்டைக் கழற்றினாள்.

"உங்க அண்ணனுக்குச் சொல்லிட்டேன். ரோஷினிகிட்டயும் பேசிட்டேன். எல்லாருமாப் பேசிச் சரி பண்ணிக்கலாம் எழில்."

"ரோஷினிகிட்டயா?"

"அவளும் தெரிஞ்சுக்கணும்ல?"

காரிலேயே உட்கார்ந்து அவள் மகளை அழைத்தாள். ரோஷினி எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. 'நாட் நவ், மா.'

மறுநாள் காலை அவள் ஷ்யாமளாவின் வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்த ஷ்யாமளாவுக்கு அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"உள்ள வாடி. காபி போடறேன்."

"தினமும் மதியம் ஷ்ரேயஸுக்கா மெசேஜ் பண்ண?"

ஷ்யாமளா தலையைக் குனிந்துகொண்டாள். "நல்லதுக்குத்தான் பண்ணேன். என் கிச்சன்ல உக்காந்து மனுஷன் அழுதார் எழில். என் குடும்பத்தைக் காப்பாத்துங்கன்னு கேட்டார். நான் என்ன பண்ணுவேன்?"

"உன் கிச்சன்ல அழுதிருக்கார். என் கிச்சன்ல ஒரு நாளும் அழுததில்ல."

"உன்னை இழந்துடுவோம்னு பயந்துட்டார்டி."

"சிங்கக் குட்டியைப் பாத்து நான் அழுதேனே, அதையும் சொன்னியா?"

ஷ்யாமளா, "சொன்னேன்" என்றாள். "உன் மனசு மாறுதுன்னு அவருக்குத் தெரியட்டுமேன்னு."

"நான் சொன்னதைக் கேட்டு என்னைக் கட்டிக்கிட்டு அழுதியே. அது?"

"அது நிஜம்டி. சத்தியமா நிஜம்."

பொய் என்று சொல்லியிருந்தால் அவளைத் திட்டிவிட்டு வந்திருக்கலாம். எழிலரசி திரும்பி நடந்தாள். யானைகள் போனபின் சிரித்த சிரிப்பு, போர்வைக்குள் பகிர்ந்து குடித்த காபி, எல்லாமே ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கி எறிவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வார இறுதியில் ஆஸ்டினுக்குத் தனியாக ட்ரைவ் பண்ணிக்கொண்டு போனாள். கல்லூரிக்கு அருகே ஒரு காபிக் கடையில் ரோஷினி வந்து உட்கார்ந்தாள். கட்டிக்கொள்ளவில்லை.

"ரோஷினி, நானே உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"ஷ்யாமளா ஆன்ட்டிக்குத் தெரிஞ்சிருக்கு. மாமாவுக்குத் தெரிஞ்சிருக்கு. யூ டோல்ட் ஹர் ஃபர்ஸ்ட், மா. நாட் மீ."

அந்தக் குற்றச்சாட்டுக்கு எழிலரசி தயாராக வரவில்லை. ஷ்யாமளா தனக்குச் செய்ததை மட்டுமே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ஆமா" என்றாள். "உன்கிட்ட சொல்லத்தான் ரொம்பப் பயமா இருந்துச்சு கண்ணு. அவகிட்ட சொல்லிப் பாத்தா தைரியம் வரும்னு நினைச்சேன்."

ரோஷினி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "டாட் சொன்னாரு, யூ ஆர் லீவிங் அஸ்."

"உன்னை இல்ல. எந்த ஊர்ல இருந்தாலும் உன்னை இல்ல."

பிறகு எழிலரசி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். பேசாமல் கழிந்த சனிக்கிழமையைச் சொன்னபோது மகள் முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். "ஹோல் டே?" என்று கேட்டாள். சமாதானம் ஆகிவிட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் கிளம்பும்போது கார்வரை வந்தாள்.

அக்டோபரில் எழிலரசி நியூஜெர்ஸி வேலையில் சேர முடிவு செய்தாள். கிளம்பிய அன்று இளமாறன் பெட்டிகளைத் தூக்கி வந்து வைத்தான். அவளை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக ரோஷினி ஆஸ்டினிலிருந்து வந்திருந்தாள்.

"உன்னை இருக்க வைக்கத்தானே இவ்வளவும் பண்ணேன்" என்றான் இளமாறன்.

"என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டா சொல்லியிருப்பியா?"

"சொல்லணும்னுதாங்க ஊருக்குத் திரும்பி வந்தேன். கார்லேர்ந்து இறங்கறதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டீங்க."

அவன் கராஜ் வாசலிலேயே நின்றுவிட்டான். கார் தெருமுனைக்கு வந்தபோது ஷ்யாமளா தன் வீட்டு முன் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் பைப்பைக் கீழே போட்டுவிட்டுத் தயக்கத்துடன் கையை உயர்த்தினாள்.

"நானும் கை காட்டணுமா, மா?" என்று ரோஷினி மெதுவாகக் கேட்டாள்.

"உன் இஷ்டம் கண்ணு."

ரோஷினி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. எழிலரசி நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.