நீலக் கதவுக் கடை

கனகராயன்குளத்தில் ஏ9 வீதியோரம் தேத்தண்ணிக் கடை போட்ட கமலாசனி, சுவருக்குச் சாந்து பூசுவதற்கு முன்பே பின்வளவில் கக்கூஸ் கட்டி முடித்துவிட்டாள். ஏனோதானோ என்று இல்லை. தரைக்கு ஓடு, திறந்தால் கொட்டுகிற குழாய், உள்ளே கொண்டி போட்ட நீலக் கதவு. கைப்பை கொழுவ ஓர் ஆணிகூட அடித்திருந்தாள்.

"கடைக்கு முதல் கக்கூஸ் கட்டின ஆள் வன்னியிலேயே நீர் ஒருத்திதான்" என்று புருசன் கதிர்காமநாதன் தலையில் அடித்துக்கொண்டார்.

அவரையும் குறை சொல்வதற்கில்லை. றைவருக்கும் கொண்டக்டருக்கும் எந்தக் கடை ஓசிச் சாப்பாடு போடுகிறதோ, பஸ் அங்கேதான் நிற்கும். அது அந்த வீதியின் வழக்கம். பக்கத்துக் கடையில் அவர்களுக்குக் கோழிக்கறியும் சோறும். கமலாசனியோ ஒரே பிடி.

"அவையளும் உழைக்கினம், நானும் உழைக்கிறன். ஏன் சும்மா குடுக்கவேணும்?"

பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு பறந்தன. மிஞ்சிய வடையைத் தின்று தின்று கதிர்காமநாதனுக்கு வயிறு ஊதிப்போனது. தைப்பொங்கலுக்குள் கடை ஓடாவிட்டால் அவள் திரும்பவும் கார்மென்ற்ஸ் தையல் வேலைக்குத்தான் போகவேண்டும். அங்கே பாத்றூம் போகவும் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்துக் கெஞ்சி நின்றவள் அவள். அந்தக் கேற்றுக்குள் இனியும் கால் வைப்பதா?

ஒருநாள் மத்தியானம் கொழும்பிலிருந்து வந்த பஸ் ஒன்று சடாரென்று நின்றது. 'சுத்தமான ரொயிலற் உண்டு' என்ற பலகையைக் கண்டுவிட்டு, பிள்ளைத்தாச்சி ஒருத்தி றைவரோடு மல்லுக்கட்டி இறங்கி வந்தாள். திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

"அக்காமார், இறங்கி வாங்கோ! நல்ல துப்புரவு, தண்ணியும் வருது!"

அவ்வளவுதான். பஸ்ஸிலிருந்த பெண்கள் எல்லாம் வரிசை கட்டிவிட்டார்கள். வரிசையில் நிற்கிறவர்களின் மூக்கை வடை வாசம் சும்மா விடுமா? தட்டு வெறுமையாகிவிட்டது.

அதற்குப் பிறகு றைவர்மாரின் பாடு பெரும்பாடு. வவுனியா தாண்டியதுமே பின்சீற்றிலிருந்து குரல் கிளம்பும்: "தம்பி, நீலக் கதவுக் கடையில நிப்பாட்டுங்கோ!" நிற்பாட்டாமல் போனால் யாழ்ப்பாணம் போய்ச் சேரும் மட்டும் பேச்சு விழும். தைப்பொங்கலுக்குக் கமலாசனி கடை வாசலிலேயே பானை வைத்துப் பொங்கினாள். கார்மென்ற்ஸ் கதையே பிறகு எழவில்லை.

அடுத்த கிழமை, முன்பு அவள் கடையைத் திரும்பியும் பாராமல் ஓட்டிக்கொண்டு போன லக்ஷன் என்ற றைவர் வந்து உட்கார்ந்தான். ரீ குடித்தான், வடை தின்றான், வாயைத் துடைத்துக்கொண்டு பழக்கதோசத்தில் பஸ்ஸை நோக்கி நடந்தான். பாதி வழியில் நின்று திரும்பினான்.

"எவ்வளவு அக்கா?"

"வேண்டாம் தம்பி" என்று சொல்லக் கதிர்காமநாதன் வாயைத் திறந்தார். கமலாசனி அவரை முழங்கையால் இடித்துவிட்டு விலையைச் சொன்னாள். லக்ஷன் சிரித்தபடி காசை வைத்தான். பிறகு பின்வளவுப் பக்கம் பார்த்து நெளிந்தான்.

"அதுக்கு எவ்வளவு?"

"அதுக்குக் காசில்லை தம்பி. ஆரிட்டையும் கேக்கவும் தேவையில்லை. போயிட்டு வாங்கோ."